ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளி

மார்ச் 3

சகலைக்கு,

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் என்ற முறைக்கு ‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்கவில்லை. கால் ஊன்றி நடக்கிற அன்றைக்கு அதை யோசிக்கலாம்.

போனில் பேசினால் என்ன என்று உன் அண்ணி கேட்கிறாள். பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். இரண்டு தடவை அதுதானே நடந்தது? அக்காவும் தங்கையும் தினம் ஒரு மணி நேரம் பேசிக்கொள்கிறார்கள், அவர்களுக்குள் ஒரு குறையும் இல்லை. நாம் இரண்டு பேரும்தான் ஜென்ம விரோதி. அதனால் காகிதம். இது குறுக்கே பேசாது.

இத்தோடு ஒரு பார்சலும் வருகிறது. பிரித்துப் பார். நம் வெல்டிங் கடையின் அலுமினிய ஏணிக் கால். நான்கு மாதம் படுக்கையில் கிடந்துவிட்டு, போன வாரம்தான் ஊன்றுகோலோடு கடைக்குப் போனேன். ஏணி கடையின் பின்பக்கம் அன்றைக்குத் தூக்கிப் போட்ட இடத்திலேயே கிடந்தது. உடைந்த பகுதியையும் நீ வெல்டிங் வைத்த பகுதியையும் சேர்த்து ஆக்சா பிளேடால் அறுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து அறுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. வேன் பின்னால் வந்து இடித்ததில் ஏணிக் காலில் விரிசல். செவ்வாய்க்கிழமை நீ ஆர்கான் வெல்டிங் வைத்தாய். “அண்ணா, இனி யானை ஏறினாலும் தாங்கும்” என்றாய். புதன்கிழமை காலையில் போர்டு லைட்டை மாட்ட நான் ஏறினேன். யானை இல்லை, நான். பத்தாவது படி. அம்பு மாதிரி நேராக நின்ற ஏணி ஒரு பக்கமாக மடிந்து, அடுத்து எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கூரைதான். இப்போது தொடைக்குள் ஒரு தகடும் எட்டு ஸ்க்ரூவும் இருக்கின்றன. அதை உன்னை விட்டு வெல்டிங் வைக்கச் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நான் செய்த புண்ணியம்.

ஆறு வருஷம் ஒரே கூரையின் கீழ் தொழில் செய்தோம், இரும்பு எனக்கு, அலுமினியம் உனக்கு என்று. நான் விழுந்த நான்காம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். “என் தப்புதான் அண்ணா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அதை எழுது. வேறொன்றும் வேண்டாம்.

உன் சகலை


மார்ச் 19

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பார்சலும் வந்தது. அதைப் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கால் எப்படி இருக்கிறது என்று அண்ணி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாடிப்படியில் தனியாக ஏற வேண்டாம்.

இங்கே படகு கட்டும் யார்டில் வேலை. எல்லாம் அலுமினியப் படகுகள். நான் வெல்டிங் வைப்பதில்லை. தகடு வந்ததும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மேல் தோலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. வெல்டர் வந்து ஒட்டுவார். சூப்பர்வைசர் இரண்டு தடவை கேட்டார், “ஆர்கான் தெரியும்னு எழுதியிருக்கியே, டெஸ்ட்டுக்கு வாயேன்” என்று. கையில் வலி என்று சொல்லிவிட்டேன். கையில் வலி ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்ட வார்த்தையை எழுதத்தான் மூன்று நாள் உட்கார்ந்தேன். தப்பு என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை, அண்ணா. தெரியாமல் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை, இல்லை என்று அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை.


மார்ச் 27

சகலைக்கு,

கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறானாம்! அது என்ன, சீர் வரிசைப் பாத்திரமா? பிரித்துப் பார்க்கத்தானே இந்தக் காலோடு கூரியர் கடை வரைக்கும் போனேன்.

வெல்டிங் வைப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நீ தேய்க்கிற வேலை செய்வதால் என் எலும்பு ஒட்டாது. அதையும் சொல்லி வைக்கிறேன்.

ஒரு விஷயம். லாரி பாடி கட்டுகிற மேஸ்திரி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அலுமினியத்தில் வெல்டிங் வைத்தால் ஒட்டு கெட்டியாக நிற்கும், பக்கத்து இடம் சூட்டில் இளகிப் பலமில்லாமல் போகும் என்று அவர் சொன்னார். அப்படியா? அப்படியென்றால் உன் வெல்டிங்கின் சூடுதான் என்னைக் கீழே தள்ளியது. துண்டைப் பார்த்தால் உனக்கே தெரியும். நீ பார்க்க பயப்படுகிறாய்.

யார்டில் உனக்குப் பதிலாக டெஸ்ட் கொடுக்க நான் வர முடியாது. பிரித்துப் பார்.


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

நீங்கள் எழுதியது சரி. பயம்தான். இந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளாவது அந்த ஏணியை மனதில் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் தூங்கியதில்லை. உள்ளே ஓட்டை விழுந்திருக்குமோ, எண்ணெய் சரியாகத் துடைக்கவில்லையோ, அவசரத்தில் மேல் தோலைத் தேய்க்காமல் விட்டேனோ என்று. அலுமினியத்தில் அந்தத் தோல் லேசில் உருகாது, அது உருகுவதற்குள் உள்ளே சதை தண்ணீராகிவிடும். தோல் அப்படியே இருந்தால் ஒட்டின மாதிரி தெரியும், ஒட்டியிருக்காது. ஆறு வருஷம் இந்த வேலை செய்தவனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் மச்சினி பார்சலை எடுத்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, “இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு. இது பிரியணும், இல்ல நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்” என்றாள். பிரித்தேன்.

அண்ணா, நான் கண்டதை வரிசையாக எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

என் ஒட்டு உடையவில்லை. யார்டுக்குக் கொண்டுபோய் அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். உள்ளே ஓட்டை இல்லை, கறுப்பு இல்லை, நான் உள்ளே செருகிய சின்னக் குழாயும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. மேஸ்திரி சொன்னது உண்மை. வெல்டிங் சூட்டில் பக்கத்து இடம் இளகும். ஆனால் ஒரு அங்குலம், மிஞ்சிப்போனால் ஒன்றரை அங்குலம். அந்த இடத்துக்குத்தான் உள்ளே குழாய் செருகினேன்.

ஏணி மடிந்தது ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளி. அது பட்டென்று உடையவும் இல்லை. ஈயக் குழாய் மாதிரி மடிந்து, மடிந்த ஓரம் கிழிந்திருக்கிறது. அரத்தை வைத்து இழுத்தேன். ஒட்டுக்கும் மடிப்புக்கும் நடுவில் அரம் வழுக்குகிறது, குழாய் கெட்டி. மடிப்பின் அருகில் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்குகிறது. இரண்டு விரல் அகலத்துக்குப் புகைக்கறையும் இருக்கிறது. யாரோ மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தும் போகாத கறை.

இன்னொன்று. வேன் இடித்ததில் அதே இடத்தில் லேசான வளைவு இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? “இருந்துட்டுப் போகட்டும் அண்ணா, தொடாதீங்க, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டுத்தான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆர்கான் சிலிண்டர் மாற்றப் போனேன். நீங்கள் போன மாதம் எழுதிய கடிதத்தில் ஏணி அம்பு மாதிரி நேராக நின்றது என்று இருக்கிறது. அந்த வளைவு எங்கே போயிற்று?

அலுமினியத்தை நெருப்பில் காட்டினால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆறின பிறகும் தெரியாது. பலம் பாதிக்குக் கீழே போயிருக்கும், திரும்ப வராது. அதனால்தான் இரண்டு கேள்வி கேட்கிறேன். அங்கே நெருப்பு வைத்தது யார்? அன்றைக்கு வேறு எதையாவது அப்படிச் சூடாக்கி நிமிர்த்தினீர்களா?

முதல் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது கேள்விக்கு எழுதுங்கள்.


ஏப்ரல் 11

சகலைக்கு,

நீ ரொம்பப் படித்தவனாகிவிட்டாய். யார்டு காற்று அப்படி.

நான் இரும்புக்காரன். முப்பது வருஷம் நெருப்போடு பிழைத்தவன். எனக்குச் சூடு சொல்லிக் கொடுக்க வேண்டாம். கடையில் ஆயிரம் பேர் வந்து போவார்கள், யார் எதைத் தொட்டார்கள் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டா இருந்தேன்? அலுமினியத்துக்கென்று நீ தனியாக வைத்த பிரஷ்ஷை எடுத்து நான் இரும்பு கேட்டைத் தேய்த்தால் ஊரைக் கூட்டுவாய். இப்போதும் அதே குணம்தான்.

கால் வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். அப்படிச் சூடான குழாய் எத்தனை நாள் தாங்கும்?


ஏப்ரல் 13

தம்பி,

முந்தாநாள் எழுதின கடிதம் வந்தால் கிழித்துப் போட்டுவிடு. தபாலில் போட்ட மறு நிமிஷமே எனக்குத் தாங்கவில்லை. உன்னிடம் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு ஒரு வாரம் காத்திருப்பதா? அந்தக் கேள்வியே பதில்தானே.

நெருப்பு வைத்தது நான்.

நீ சிலிண்டருக்குப் போனதும் ஏணியைச் சுவரில் சாய்த்துப் பார்த்தேன். கோணலாக நின்றது. எனக்குக் கோணலைக் கண்டால் ஆகாது, உனக்குத் தெரியும். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து அந்த வளைவில் காட்டினேன். சிவந்ததும் தட்டி நிமிர்த்தலாம் என்று காத்திருந்தேன். சிவக்கவே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காட்டினேன். இரும்பென்றால் முதலில் மங்கலாக, பிறகு செங்கல் நிறமாக என்று தன் நிலைமையைச் சொல்லிக்கொண்டே வரும். இது சவம் மாதிரி வெள்ளையாகவே இருந்தது. திடீரென்று மேலே வியர்த்த மாதிரி ஒரு பளபளப்பு வந்தது. பயந்து டார்ச்சை எடுத்துவிட்டு மரச்சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன். என்னமாய் நிமிர்ந்தது! ஆறின பிறகு துடைத்து வைத்தேன். நீ வந்ததும், வளைவைக் காணோமே என்று கேட்பாய், “பார்த்தியா, இதுக்கெல்லாம் ஆர்கான் எதுக்கு” என்று சொல்லலாம் என்று இருந்தேன். நீ கவனிக்கவில்லை. சொல்ல வாய்ப்பில்லாமல் போனதே என்று எனக்கு வருத்தம்கூட.

ஆஸ்பத்திரியில் உறவு மொத்தமும் கட்டிலைச் சுற்றி நின்று எப்படி விழுந்தாய் என்று கேட்டபோது, “இவன் வெல்டிங் விட்டுப்போச்சு” என்று உன்னைக் காட்டினேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதத்தான் ஆசை. பாதி தெரியும். இரும்பு ஆறினால் பழையபடி ஆகிவிடும், இதுவும் அப்படித்தான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். நீ தலையைக் குனிந்து நின்றாய். நீ எதிர்த்துப் பேசியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய். நீ எதிர்த்திருந்தால் நான் இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன்.

உன் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. அன்றைக்கு டார்ச் கையில் இருந்த சூட்டோடு இன்னொன்றையும் நிமிர்த்தினேன். எதிர்ச் சரிவில் கடை வைத்திருக்கிற தையல்கார அம்மாவின் அலுமினியச் சக்கர நாற்காலி. கால் வைக்கிற இடத்தில் நீ காலையில் ஒட்டு போட்டு வைத்திருந்தாய். இடது பக்கக் குழாய் கார் இடித்து உள்ளே ஒடுங்கியிருந்தது. அதையும் நேராக்கினேன். ஐந்து மாதமாக அந்த அம்மா அதில்தான் அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள்.

நேற்றுக் காலையில் ஊன்றுகோலோடு போனேன். ஐந்து நிமிஷ தூரம், எனக்கு முக்கால் மணி நேரம். நாற்காலியைத் திருப்பச் சொல்லிக் குழாயைப் பார்த்தேன். ஏற்கெனவே சுருக்கம் விழுந்திருக்கிறது, தம்பி. கீச்சென்று சத்தம் வருகிறது என்று அந்த அம்மா துணிக் கிழிசலைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். துணிக்கு உள்ளே குழாய் மடிய ஆரம்பித்துவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“இது நீங்க பண்ணினதா? அவர் வேலைன்னுதானே சொன்னீங்க?”

“ஆமாம்மா.”

“நாற்காலி சத்தம் போடுதுன்னு, அவர் வேலையே சுத்த மோசம்னு வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லியிருக்கேனே! மூணு பேர் அவர் விலாசம் கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். இப்ப நான் யார் யாரைத் தேடிப் போய்ச் சொல்றது?”

“நான் சொல்றேம்மா.”

“நீங்கதான் சொல்லணும். நான் ஏன் சொல்லணும்?”

விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயதில் தையல் கடையில் உட்கார்ந்து அழுதேன், ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் வாசலோடு திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆள் வைத்து நாற்காலியைக் கடைக்குத் தூக்கிவந்துவிட்டேன். மாற்றாக ஒரு இரும்பு நாற்காலி இரவல் வாங்கிக் கொடுத்தேன். அது கனம், அந்த அம்மாவால் சரிவில் தள்ள முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் மாறி மாறித் தள்ளுகிறார்கள். “யார் தயவும் இல்லாம வந்து போயிட்டிருந்தேன்” என்றார்கள். குழாயை மாற்ற வேண்டும் என்று எனக்கும் தெரிகிறது. செய்ய இங்கே ஆள் இல்லை. அதைக் கேட்பதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

வீட்டில் சொல்லிவிட்டேன். உன் அண்ணி தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறாள். ஆஸ்பத்திரியில் நின்ற உறவுக்காரர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் செய்துகொண்டிருக்கிறேன். ஒன்பது பேருக்குச் சொல்லியாயிற்று. உன் மாமனார்தான் பாக்கி. நமக்கு இரண்டு பேருக்கும் மாமனார். அவருக்குக் காது கேட்காது, கத்திச் சொல்ல வேண்டும், தெருவே கேட்கும். கேட்கட்டும்.

நீ செய்யாத தப்பை உன் தலையில் கட்டினேன். மன்னித்துவிடு என்று எழுதினால் அதையும் உன் தலையில் கட்டுகிற மாதிரி இருக்கிறது.

சகலை


ஏப்ரல் 20

அண்ணாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலில் திட்டுகிற கடிதத்தைப் பிரித்தேன், பிறகு மற்றதை. கிழிக்கவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன்.

பரவாயில்லை அண்ணா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஐந்து மாதம், அண்ணா. தினம் காலையில் அடுத்தவன் வெல்டிங் வைக்கிற நீல வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தகடு தேய்த்தேன். ஒரு மனுஷன் காலை உடைத்த கை இது என்று சாப்பிடும்போதுகூட இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் மச்சினி ஒரு நாள்கூட என்னைக் கேள்வி கேட்கவில்லை. அது அவள் குணம். ஆனால் நான் பால்கனியில் கொடி கட்ட ஸ்டூல் மேல் ஏறினால் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். நான் கால் ஒட்டிக் கொடுத்த ஸ்டூல் அது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? உங்கள் மேல் எனக்கு இப்போது இருக்கிற கோபம் இந்தக் காகிதத்துக்குக் கொள்ளாது. கொஞ்ச நாள் இருக்கும். இருக்கட்டும்.

கடிதத்தைப் படித்த மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், கை வலி போய்விட்டது என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு வெல்டிங் டார்ச்சை நீட்டினார். முதல் ஒட்டு குழந்தை கிறுக்கின மாதிரி வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மத்தியானத்துக்கு மேல், ஒட்டுகிற இடத்தில் சின்னக் குளம் மாதிரி உருகி நிற்குமே, அது நான் போகிற பக்கமெல்லாம் கூடவே வந்தது. ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் முகம் தெரியாது. அது ஒரு வசதி.

தையல்கார அம்மாவிடம் சொல்லுங்கள், குழாயை நிமிர்த்தவோ அதன் மேல் ஒட்டவோ கூடாது. இடது பக்கம் முழுதாக அறுத்து எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட வேண்டும். அதே கனத்தில் குழாயை இங்கே யார்டில் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கடையில் என் மெஷின் மேல் போர்த்தின துணியை எடுத்துவிட்டு, பெஞ்சில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்து வையுங்கள். இரும்புத் தூள் இருக்கும் பக்கமே நாற்காலியைக் கொண்டுபோகாதீர்கள். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கிறது, ஞாயிறு இரவே திரும்பிவிடுவேன். கடைக்குத் திரும்பி வருவேனா என்று அண்ணி கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன். உண்மையாகவே தெரியாது.

புதுக் குழாயை இரண்டு முனையிலும் ஒட்டும்போது அது ஒரு நூல்கூட நகரக் கூடாது. கிளாம்ப் போட்டால் இந்த வளைவில் நிற்காது, ஒருவர் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். வேறு யாரையும் ஏற்பாடு செய்துவிடாதீர்கள்.